ஒரே பேட்ச் கற்றாழைக் க்ரீம்: ஒரு ரிப்போர்ட்டில் ஈஸ்ட்–பூஞ்சை <10, இன்னொன்றில் 640. எதை நம்புவது?

#1 சின்னபேட்ச்

கற்றாழைக் க்ரீம், நீரில் எண்ணெய் வகை எமல்ஷன், 12 கிலோ பேட்ச், 50 கிராம் பிளாஸ்டிக் ஜாடி. பிரிசர்வேட்டிவ்: சோடியம் பென்சோவேட் 0.3%, பொட்டாசியம் சார்பேட் 0.2%. பி.எச் 5.8. கெட்டிப்படுத்த கார்போமர்.

நிரப்பிய 2-ஆம் நாள் லேப் அ-வுக்குப் போன ஜாடி: ஈஸ்ட்–பூஞ்சை <10 சி.எஃப்.யு/கிராம் (காலனியாக வளரக்கூடிய கிருமிகளின் எண்ணிக்கை), பாக்டீரியா <10. 18-ஆம் நாள் லேப் ஆ-வுக்குப் போன ஜாடி: ஈஸ்ட்–பூஞ்சை 640, பாக்டீரியா 90. இரண்டு ரிப்போர்ட்டிலும் "தேர்ச்சி" என்றே போட்டிருக்கிறது. 21-ஆம் நாள் மீதமிருந்த ஜாடிகளைத் திறந்தால் மூன்றில் மேற்பரப்பில் பச்சை கலந்த சாம்பல் நிறப் புள்ளிகள்.

லேப் அ தப்பா? லேப் ஆ சரியென்றால் 640-க்கு ஏன் தேர்ச்சி?

#2 பெட்ரிமூடி

ரிப்போர்ட்டின் கடைசி வரியை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாதுங்க. இரண்டு லேப்பிலும் இதைக் கேட்டு வாங்கிப் போடுங்க: எத்தனை கிராம் எடுத்தாங்க, ஜாடியில் எந்த இடத்திலிருந்து, எந்தத் திரவத்தில் கரைச்சாங்க, பெட்ரி தட்டில் எத்தனை மி.லி. போட்டாங்க, எந்த அகார் (கிருமி வளர்க்கும் ஜெல்), எத்தனை டிகிரி, எத்தனை நாள், தட்டுவாரியா எத்தனை காலனி (கிருமி பெருகித் தெரியும் புள்ளி). இது அவங்க ஒர்க் ஷீட்டில் இருக்கும். தர மாட்டேன்னு சொன்னா அதுவே ஒரு பதில்தான்.

#3 சின்னபேட்ச்

கேட்டதில் கிடைத்தது:

லேப் அ: ஜாடியின் நடுவில் ஸ்பேட்டுலாவை விட்டு 1 கிராம். 9 மி.லி. பெப்டோன் சலைன். 0.1 மி.லி. வீதம் இரண்டு எஸ்.டி.ஏ. (சபூராட் டெக்ஸ்ட்ரோஸ் அகார்) தட்டில் ஸ்ப்ரெட் பிளேட், அதாவது அகார் மேல் தடவுவது. 32 டிகிரி, 3 நாள். இரண்டிலும் காலனி இல்லை.

லேப் ஆ: மேலிருந்து 10 கிராம். 90 மி.லி. யூகான் எல்.டி. 100 என்ற கரைசல். 1 மி.லி. வீதம் இரண்டு தட்டில் போர் பிளேட் (உருகிய அகாரோடு கலந்து ஊற்றுவது), குளோராம்ஃபெனிகால் (பாக்டீரியாவைத் தடுக்கும் மருந்து) சேர்த்த சபூராட் அகார். 25 டிகிரி, 5 நாள். காலனிகள் 61, 67.

#4 பெட்ரிமூடி

லேப் ஆ கணக்கு நேரா வருது. 61-க்கும் 67-க்கும் சராசரி 64. 1 மி.லி. போட்டது பத்தில் ஒன்று கரைசல், அதனால் 64 × 10 = 640. ஈஸ்ட்–பூஞ்சைக்குத் தட்டில் 15 முதல் 150 வரைக்குள் இருந்தால்தான் எண்ணிக்கையை நம்பலாம். இது அதுக்குள்ளே இருக்கு.

லேப் அ-வில்தான் கை வைக்கணும். பத்தில் ஒன்று கரைசலில் 0.1 மி.லி.ன்னா அந்தத் தட்டில் இருப்பது 0.01 கிராம் க்ரீம். ஒரு காலனி வந்திருந்தாலே 100 சி.எஃப்.யு/கிராம். இரண்டு தட்டையும் சேர்த்தா 0.02 கிராம், அதாவது ஒரு காலனிக்கு 50. இரண்டும் காலியா இருந்தா எழுத வேண்டியது "<50". "<10"னு எழுத அந்த முறையில் வழியே கிடையாது. டெம்ப்ளேட்டில் இருந்ததை அப்படியே அடிச்சு விட்டிருப்பாங்க.

சாதாரணக் க்ரீமுக்கு 50-க்கும் 10-க்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னு விடலாம். மை, ஐலைனர், 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கான பொருள்னா அழகுப் பொருளில் கிருமி வரம்பைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ 17516 வைக்கும் வரம்பே 100. ஒற்றைத் தட்டில் 0.1 மி.லி. தடவி அந்த வரம்பைப் பற்றி ஒண்ணுமே சொல்ல முடியாது. ஸ்ப்ரெட் பிளேட்தான் வேணும்னா 1 மி.லி.யை 0.3, 0.3, 0.4 எனப் பிரிச்சு மூணு தட்டில் தடவி, மூணையும் கூட்டி ஒரே எண்ணா எடுக்கணும். தட்டின் மேல்பரப்பு முன்கூட்டியே நல்லா உலர்ந்திருக்கணும், இல்லேன்னா 0.4 மி.லி. உள்ளே இறங்காம மேலேயே நீந்தும், காலனிகள் ஒண்ணோடொண்ணு ஒட்டிப் போகும்.

போர் பிளேட்னா அகார் 48 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. மைக்ரோவேவில் உருக்கி "கை பொறுக்குது"ன்னு ஊத்துறவங்க நிறைய. வாட்டர் பாத்தில் வைச்சு, பக்கத்துக் குடுவையில் தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்க. சூட்டில் அடிபட்ட ஈஸ்ட் செத்தே போகணும்னு இல்லை, ரெண்டு நாள் தாமதமா வந்தாலே 3-ஆம் நாள் எண்ணுறவங்க கண்ணில் படாது.

#5 லெசித்தின்

வால்யூமை விடுங்கள், இங்கே மூலக் குறை பெப்டோன் சலைன். அதில் நியூட்ரலைசர், அதாவது பிரிசர்வேட்டிவை முடக்கும் பொருள், இல்லை. க்ரீமில் உள்ள பிரிசர்வேட்டிவ் கரைசலோடு தட்டுக்கும் போய், அங்கேயும் வேலை செய்கிறது. பூஞ்சை உயிரோடு இருக்கிறது, ஆனால் முளைக்க விடவில்லை. தட்டில் வரும் பூஜ்ஜியம் க்ரீமின் சுத்தத்தைக் காட்டுகிறதா, பிரிசர்வேட்டிவின் பிடியைக் காட்டுகிறதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

யூகான் எல்.டி. 100-இல் லிட்டருக்கு முட்டை லெசித்தின் 1 கிராம், பாலிசார்பேட் 80 5 கிராம், ஆக்டாக்சினால்-9 1 கிராம் உண்டு. பாராபென், ஃபீனாக்சிஎத்தனால் போன்றவற்றை பாலிசார்பேட்டும் நீர்த்தலும் அடக்கும். குவாட்டர்னரி அம்மோனியம் உள்ள கண்டிஷனருக்கு லெசித்தின் அவசியம். ஃபார்மால்டிஹைடு விடுபவை, ஐசோதயசோலினோன் வகை என்றால் கந்தகம் உள்ள டி.இ. (டே–எங்லி) பிராத் பக்கம் போக வேண்டும்: அதில் தயோகிளைகோலேட், தயோசல்ஃபேட், பைசல்ஃபைட் மூன்றும் இருக்கின்றன.

போட்டால் மட்டும் போதாது, நிரூபிக்கவும் வேண்டும். நியூட்ரலைசரில் கரைத்த க்ரீமில், தட்டுக்கு 100-க்கு மிகாமல் வரும்படி கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட் (கல்ச்சர் எண் ஏ.டி.சி.சி 10231) சேருங்கள். க்ரீம் இல்லாத வெறும் கரைசலிலும் அதே அளவு. க்ரீம் தட்டில் வரும் எண்ணிக்கை வெறும் தட்டில் வருவதில் பாதியாவது இருக்க வேண்டும். 80-க்கு 40-க்குக் கீழ் வந்தால் அந்தப் பொருளுக்கு அந்த முறை செல்லாது. நியூட்ரலைசரை மாற்றுங்கள், அல்லது ஐம்பதில் ஒன்று, நூறில் ஒன்று என நீர்க்கச் செய்யுங்கள், அல்லது 0.45 மைக்ரோமீட்டர் ஃபில்டரில் வடித்துக் கழுவி ஃபில்டரையே அகாரில் வையுங்கள். க்ரீமை வடிக்க முயன்று அடைத்துக்கொண்ட பிறகு திட்ட வேண்டாம், அது டோனருக்கும் ரோஸ் வாட்டருக்கும்தான்.

#6 பி.எச்_கணக்கு

லெசித்தின் சொல்வது பொது விதியாகச் சரி. இந்தக் க்ரீமுக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

பென்சோவேட்டும் சார்பேட்டும் சேர்ந்து 0.5%. பத்தில் ஒன்றில் 0.05%. அதில் 0.1 மி.லி. எடுத்து 20 மி.லி. அகாரில் தடவினால், பரவி முடிந்ததும் 0.00025%. இந்த அளவு எந்தப் பூஞ்சையையும் தடுக்காது. பெப்டோன் சலைனின் பி.எச் 7 அருகில் இருப்பதால் அங்கேயே இரண்டும் அயனியாகிப் பல்லில்லாமல் போய்விடும். எம்.ஐ.டி. (ஐசோதயசோலினோன் வகை) போட்ட ஷாம்பூ என்றால் நானும் லெசித்தின் பக்கம்தான் நிற்பேன். இங்கே இல்லை.

உண்மையான சிக்கல் ஃபார்முலாவில் இருக்கிறது. இந்த இரண்டு அமிலங்களும் அயனியாகாத வடிவில்தான் செல்லுக்குள் நுழையும். சார்பிக் அமிலத்தின் பி.கே.ஏ (பாதி அமிலம் அயனியாகும் பி.எச்) 4.76, பென்சோயிக் 4.2. பி.எச் 5.8-இல் சார்பிக்கில் வேலைக்கு ஆகும் பங்கு சுமார் 8%, பென்சோயிக்கில் 2.5%-க்கும் குறைவு. 0.2% சார்பேட் போட்டதாக லேபிள் சொல்கிறது, பூஞ்சைமேல் வேலை செய்வது 0.02%-க்கும் குறைவு. அதிலும் ஒரு பகுதி எண்ணெய்த் துளிகளுக்குள் போய்விடும். பூஞ்சை வளர்வது நீரில், எண்ணெயில் அல்ல.

பி.எச் 5.0-க்கு இறக்கினால் சார்பிக் 36%, பென்சோயிக் 14% அளவுக்கு ஏறும். ஒரு கிராம் கூட அதிகம் சேர்க்காமல் நான்கைந்து மடங்கு பலம்.

எனவே 2-ஆம் நாள் வித்துகள் மிகக் குறைவாக இருந்தன, 18-ஆம் நாளுக்குள் தடையில்லாமல் பெருகின. இரண்டு லேப்பும் ஒரே க்ரீமைப் பார்க்கவே இல்லை. ஒன்று விதைத்த நிலம், மற்றது முளைத்த நிலம்.

#7 லெசித்தின்

கணக்கை ஒத்துக்கொள்கிறேன், இந்தக் க்ரீமுக்குப் பிரிசர்வேட்டிவ் தட்டுக்குக் கடந்து வருவது பெரிய காரணம் இல்லை. ஆனாலும் நியூட்ரலைசர் இல்லாத முறையை "பரவாயில்லை" என்று விட மாட்டேன். அடுத்த பேட்ச்சில் பிரிசர்வேட்டிவை மாற்றுவார், லேப் அதே சலைனில் கரைக்கும், இந்த விவாதத்தை மறுபடி முதலிலிருந்து நடத்துவோம்.

ஒன்று கூடுதலாக. ஈஸ்ட்–பூஞ்சை எண்ணும் முறையைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ 16212 சரிபார்ப்புக்குக் கேட்பது கேண்டிடா மட்டும். ஜாடியில் தெரிவது பூஞ்சைப் புள்ளி. கேண்டிடா மீண்டுவிட்டது என்பதால் ஆஸ்பெர்ஜிலஸ் பூஞ்சையும் மீளும் என்று அர்த்தமில்லை. ஆஸ்பெர்ஜிலஸ் பிரேசிலியென்சிஸ் ஏ.டி.சி.சி 16404-ஐயும் சேர்த்து ஓட்டச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்களில் இதே எண் ஆஸ்பெர்ஜிலஸ் நைஜர் என்று இருக்கும், கல்ச்சர் அதேதான்.

#8 மூடிவியர்வை

யாரும் ஜாடி மூடியைப் பற்றிக் கேக்கலையே. க்ரீமை எத்தனை டிகிரியில் ஊத்தினீங்க? ஊத்தின உடனே மூடினீங்களா?

#9 சின்னபேட்ச்

சுமார் 55 டிகிரி. ஆறினால் ஃபில்லரில் இறங்கவில்லை என்பதால் சூடாகவே நிரப்பி உடனே மூடியாயிற்று. மூடிக்குள் வெள்ளை அட்டை வட்டு இருக்கிறது.

#10 மூடிவியர்வை

அங்கேதான் இருக்கு விஷயம்.

55 டிகிரி க்ரீம்மேல மூடியைப் போட்டா ஆவி மேலே போய்க் குளிர்ந்த மூடியில் முத்து முத்தா நிக்கும். ஒரு ஜாடியைக் கவுக்காம அப்படியே திறந்து, மூடியின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்ச்சுப் பாருங்க, தெரியும். அந்தத் துளி வெறும் தண்ணி. பென்சோவேட்டும் இல்லை, சார்பேட்டும் இல்லை, ரெண்டும் ஆவியாகுற உப்பு இல்லை. அது க்ரீம்மேல சொட்டுற இடத்தில் மட்டும் பிரிசர்வேட்டிவ் நீர்த்துப் போய், கடுகளவு குட்டை ஒண்ணு உண்டாகுது. பூஞ்சைக்குக் காத்தும் வேணும், அதுவும் அங்கேதான். ஜாடியின் அடியில் அதே க்ரீம் ஆறு மாசம் சும்மா கிடக்கும், மேலே மூணு வாரத்தில் புள்ளி.

அட்டை வட்டு இன்னொரு தொல்லை. ஈரம் உறிஞ்சின அட்டை பூஞ்சைக்குச் சோறு. மூடிகள் கோடவுனில் திறந்த அட்டைப் பெட்டியில் மாசக்கணக்கா இருந்திருந்தா வித்து அங்கிருந்தே வந்திருக்கும். ஃபோம் லைனருக்கு மாறுங்க, மூடியை பாலித்தீன் பையோட வாங்கி நிரப்புற அன்னைக்கு மட்டும் பிரிங்க.

இப்ப மாதிரி எடுக்கும் விதம். லேப் அ நடுவில் குத்தி எடுத்தது, அங்கே ஒண்ணும் இருக்காது. லேப் ஆ மேலிருந்து எடுத்தாலும் 10 கிராம் எடுத்ததில் சுத்தமான க்ரீமும் சேர்ந்து எண்ணிக்கை நீர்த்துப் போச்சு. புள்ளி தெரியாத ஒரு ஜாடியை எடுத்துக்கங்க. மேல் 3 மில்லிமீட்டரை மட்டும் ஸ்டெரைல் ஸ்பேட்டுலாவால் தோசை மாதிரி வழிச்சு அது ஒரு மாதிரி. வேற ஸ்பேட்டுலாவில், ஜாடி மத்தியில் ரெண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் இன்னொரு மாதிரி. மூடியின் உள்பக்கம் நனைச்ச ஸ்வாப். மூணையும் தனித்தனியா ஓட்டச் சொல்லுங்க. கலக்கி ஒண்ணா அனுப்பினா பணம்தான் வீண்.

#11 அகார்கடை

லேப் பக்கத்திலிருந்து சில விஷயம். இதெல்லாம் ஒர்க் ஷீட்டில் வராது, ஆனால் எண்ணை மாற்றும்.

முதலில் 25 டிகிரி. முறை கேட்பது 25, கூடக் குறைய 2.5. நம் ஊரில் ஏப்ரல்–மே மாதம் அறையே 34. சூடாக்க மட்டும் தெரிந்த இன்குபேட்டரில் 25 என்று செட் செய்தால் செட் மதிப்பு 25 என்று நிற்குமே தவிர உள்ளே அறை வெப்பம்தான் இருக்கும். குளிர்விக்கும் பி.ஓ.டி. இன்குபேட்டர் வேண்டும், இரவு கரண்ட் போனால் பேக்கப்பும் வேண்டும். லேப் அ 32-இல் வைத்தது கேண்டிடாவுக்கு ஒத்துவரும். பெனிசிலியம் பூஞ்சை பலவற்றுக்கு அது கசப்பு, மெதுவாக வரும் அல்லது வராது. மூன்றே நாளில் எண்ணியது அதன்மேல் இன்னொரு குறை. பொறுமையாக 5 நாள் வைக்க வேண்டும், ஆனால் 3-ஆம் நாளே ஒருமுறை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஒரு ரைசோபஸ் வந்தால் 5-ஆம் நாள் தட்டு முழுவதும் பஞ்சு மெத்தைதான், எண்ண எதுவும் மிஞ்சாது.

மீடியம். குளோராம்ஃபெனிகால் சேர்த்த சபூராட்: லிட்டருக்கு டெக்ஸ்ட்ரோஸ் 40 கிராம், இரண்டு பெப்டோன் 5 கிராம் வீதம், அகார் 15 கிராம், குளோராம்ஃபெனிகால் 0.05 கிராம், பி.எச் 5.6. குளோராம்ஃபெனிகால் ஆட்டோகிளேவ் சூட்டைத் தாங்கும், 121 டிகிரி 15 நிமிடத்துக்கு முன்பே சேர்க்கலாம். ஆனால் மீந்ததை இரண்டாம் முறை ஆட்டோகிளேவ் செய்யாதீர்கள். அமிலத்தில் அகார் உடைந்து கூழாகும், சர்க்கரை கருகிப் பழுப்பாகும். ஸ்ப்ரெடர் பட்டதும் கிழியும் தட்டைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பூஞ்சைத் தட்டைக் கவிழ்த்து வைப்பது பாக்டீரியா பழக்கம். இங்கே நிமிர்த்தியே வையுங்கள், மூன்றுக்கு மேல் அடுக்க வேண்டாம், நடுவில் எடுத்து ஆட்ட வேண்டாம். வித்து கட்டிய காலனி அசைந்தால் பக்கத்தில் பத்துக் குட்டிக் காலனி. எண்ணும்போது மூடியைத் திறக்காமல் அடிப்பக்கமிருந்து எண்ணுங்கள். திறந்து மூச்சு விட்டால் இன்குபேட்டருக்கே விதை தூவியது போலாகும்.

பரவும் பூஞ்சை தொல்லை தந்தால் ரோஸ் பெங்கால், டைக்ளோரான் இரண்டும் உள்ள டி.ஆர்.பி.சி. அகாரை இணையாக ஓட்டலாம், காலனிகள் சின்னதாகக் கச்சிதமாக நிற்கும். அதை வெளிச்சத்தில் வைக்கவே கூடாது. ரோஸ் பெங்கால் ஒளி பட்டால் நஞ்சாக மாறி ஈஸ்டையே தடுக்கும். ஜன்னலோர மேசையில் ஒரு நாள் கிடந்த தட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

கடைசியாக ஒரு ஏமாற்று. குளோராம்ஃபெனிகால் சேர்த்த சபூராட்டில் வழவழவென்று வரும் வெண்ணெய் நிறக் காலனி எல்லாம் ஈஸ்ட் இல்லை. சூடோமோனாஸ், பர்க்கோல்டேரியா போன்ற பாக்டீரியாக்கள் குளோராம்ஃபெனிகாலைத் தாங்கி வளர்வதுண்டு. ஒரு ஸ்லைடில் கொஞ்சம் எடுத்து 40 லென்ஸில் பாருங்கள். ஈஸ்ட் என்றால் பெரிய நீள்வட்டச் செல், பக்கத்தில் மொட்டு. பாக்டீரியா அதன் பக்கத்தில் தூசி மாதிரி. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் "ஈஸ்ட் 300" என்று போன ரிப்போர்ட்டால் பிரிசர்வேட்டிவை மாற்றி, பிரச்சினை ஆர்.ஓ. தண்ணீரில் இருப்பதை யாரும் கவனிக்காமல் விடுவார்கள்.

#12 கஸ்தூரிமஞ்சள்

இடையில் ஒரு கேள்வி. நலங்குமாவுக்கும் இதே முறைதானா? பயத்தம்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ். லேப்பில் "தட்டில் துகளா காலனியா தெரியவில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

#13 அகார்கடை

திருப்பி அனுப்பியது நேர்மை. பொடிக்குப் போர் பிளேட் போட்டால் அகாருக்குள் பருப்புத் துகள் எல்லாம் காலனி வேடம் போடும். ஸ்ப்ரெட் பிளேட் கேளுங்கள். கூடவே அதே கரைசலை அதே அளவில் ஒரு தட்டில் தடவி இன்குபேட்டருக்குப் பதில் ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் வைக்கச் சொல்லுங்கள். 5-ஆம் நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்தால், ஃப்ரிட்ஜ் தட்டிலும் இருப்பது துகள், மற்றதில் மட்டும் இருப்பது காலனி.

பருப்பு மாவு தண்ணீரைக் குடித்து வீங்கும், பத்தில் ஒன்றில் களி போல ஆகும், பிப்பெட்டில் ஏறாது. இருபதில் ஒன்றுக்குப் போங்கள், கண்டறியும் எல்லையும் அதே விகிதத்தில் ஏறுகிறது என்பதை ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். பொடியை முதலில் பாலிசார்பேட் 80-இல் பிசைந்து பிறகு கரைசல் ஊற்றினால் கட்டி தட்டாது: 1 கிராமுக்கு 1 மி.லி. பாலிசார்பேட், சில கண்ணாடி மணிகள், வோர்டெக்ஸ் (வேகமாகக் குலுக்கும் கருவி), பிறகு 18 மி.லி. கரைசல். கலக்கியதும் உடனே எடுங்கள். துகள் அடியில் படியட்டும் என்று கால் மணி நேரம் விட்டால் அதில் ஒட்டிய வித்தும் சேர்ந்து படியும்.

#14 பி.எச்_கணக்கு

நலங்குமாவில் பிரிசர்வேட்டிவ் இல்லை, காவல் காப்பது வறட்சி மட்டும். நீர்ச் செயல்பாடு (கிருமிக்குக் கிடைக்கும் நீரின் அளவு, வெறும் தண்ணீருக்கு 1) 0.75-க்குக் கீழ் என்றால் ஐ.எஸ்.ஓ 29621 அதைக் குறைந்த ஆபத்துள்ள பொருளாகப் பார்க்கிறது. வறட்சி விரும்பும் சில பூஞ்சைகள் 0.65-இலும் ஊர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் 0.60-ஐக் குறி வையுங்கள். தினம் கை ஈரத்தோடு ஸ்பூன் போடும் டப்பாவுக்கு அந்த இடைவெளி வேண்டும்.

ஆனால் வறட்சி வளர்ச்சியைத்தான் நிறுத்தும், ஏற்கெனவே இருக்கும் வித்தைக் கொல்லாது. தரையில் சாக்கு விரித்துக் காயவைத்த இதழில் வரும் எண்ணிக்கை அப்படியே பொடியில் நிற்கும். தரையிலிருந்து உயர்த்திய வலையில் காயவைப்பது, அரைத்த சூடு ஆறுவதற்குள் டப்பாவில் அடைக்காமல் இருப்பது, இந்த இரண்டிலேயே பாதி தீரும். மீதிக்கு காமா கதிர்வீச்சு, மூலிகைப் பொடிக்கு வழக்கமாக 5 முதல் 10 கிலோகிரே. பேக் செய்த பிறகே அனுப்பலாம்.

குழந்தைக்கு என்று லேபிளில் எழுதுகிறீர்களா? எழுதினால் பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை எல்லாம் சேர்த்து வரம்பு 1,000 அல்ல, 100. கதிர்வீச்சோ நீராவியோ படாத மூலிகைப் பொடியை அதற்குள் கொண்டுவருவது கடினம். முதலில் ரோஜா இதழ், ஆவாரம்பூ இரண்டையும் தனித்தனியாக டெஸ்ட் செய்யுங்கள், பருப்பு பெரும்பாலும் நிரபராதி.

#15 சின்னபேட்ச்

மூடிவியர்வை சொன்னபடி தனித்தனியாக ஓட்டியாயிற்று. லேப் ஆ, யூகான் எல்.டி. 100, 25 டிகிரி, 5 நாள், 1 மி.லி. போர் பிளேட் இரண்டு.

மேல் 3 மி.மீ.: பத்தில் ஒன்றில் எண்ண முடியாத அளவு, நூறில் ஒன்றில் 27, 31.
நடு: பத்தில் ஒன்றில் 0, 0.
மூடி ஸ்வாப்: பூஞ்சை வந்தது, மேற்பரப்பில் உள்ளதைப் போலவே பச்சை.
வெறும் கரைசல், வெறும் அகார்: சுத்தம்.
கேண்டிடா ஆல்பிகன்ஸ் தனிச் சோதனை: 1 கிராமில் இல்லை.

#16 பெட்ரிமூடி

மேலே 29 × 100 = 2,900. நடுவில் ரெண்டு தட்டும் காலி, 1 மி.லி. போட்டதால் "<5"னு தைரியமா எழுதலாம். ஒரே ஜாடியில் 2,900-ம் <5-ம். முதல் கேள்விக்குப் பதில் இதுதான்: லேப் அ தப்பான இடத்தைத் தப்பான நாளில் பார்த்து, தன் முறையால் சொல்ல முடியாத ஒரு எண்ணையும் எழுதியிருக்கு.

640-க்கு ஏன் தேர்ச்சின்னும் கேட்டிருந்தீங்க. பொதுப் பொருளுக்கு வரம்பு 1,000, அதுவும் பாக்டீரியாவும் ஈஸ்ட்–பூஞ்சையும் கூட்டி. 640 + 90 = 730, அதனால் உள்ளே. தட்டு எண்ணிக்கையின் ஆட்டத்துக்காக 2,000-ஐத் தாண்டினால்தான் வெளியேன்னு ஐ.எஸ்.ஓ 17516 இன்னும் இடம் விடுது. ஆனா பூஞ்சையில் எண்ணைப் பிடிச்சுத் தொங்கக் கூடாது. ஈஸ்ட்னா ஒரு செல் ஒரு காலனி, ஓரளவு கணக்குக்கு வரும். பூஞ்சை இழையா வளரும்போது ஒரு பெரிய திட்டு நாலு துண்டா உடைஞ்சா நாலு காலனி, வித்து கட்டின மறுநாள் அதே திட்டு பல ஆயிரம். 640 என்பது வித்து கட்டுறதுக்கு முந்தைய நாளா இருக்கலாம். கண்ணுக்குப் புள்ளி தெரியுற பேட்ச்சுக்கு ரிப்போர்ட் என்ன சொன்னாலும் தேர்ச்சி கிடையாது.

#17 சின்னபேட்ச்

நடு சுத்தம் என்றால் மேலே வழித்துவிட்டு மீதியை மறுபடி உருக்கி நிரப்பலாமா?

#18 லெசித்தின்

கூடாது. பூஞ்சை இழை கண்ணுக்குத் தெரியும் புள்ளியைத் தாண்டியும் இறங்கியிருக்கும், அது விட்ட பொருள்கள் சூட்டில் போகாது. பேட்ச்சை அழியுங்கள், எண்ணோடு பதிவு செய்யுங்கள்.

அடுத்த பேட்ச்சில் பி.எச் 5.0. 10% லாக்டிக் அமிலக் கரைசலைத் துளித் துளியாக விட்டு, 24 மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள், அதற்குள் நகர்ந்திருக்கலாம். கார்போமர் பி.எச் இறங்க இறங்க இளகும், 5.0-இல் உங்கள் க்ரீம் லோஷனாகிவிடலாம். சாந்தன் கம் 0.3–0.5% சேர்த்தோ அதற்கே மாறியோ பாருங்கள்.

மாற்றியதும் எண்ணிக்கை டெஸ்டுக்கு முன் சேலஞ்ச் டெஸ்ட். ஐ.எஸ்.ஓ 11930-படி கேண்டிடாவும் ஆஸ்பெர்ஜிலஸும் கிராமுக்கு 10,000 முதல் 1,00,000 வரை செலுத்துவார்கள், 7, 14, 28-ஆம் நாட்களில் எண்ணுவார்கள். 'ஏ' தரத்துக்கு கேண்டிடா 7-ஆம் நாளே பத்தில் ஒன்றாகக் குறைந்து அதற்குப் பிறகு ஏறக்கூடாது. ஆஸ்பெர்ஜிலஸ் 14-ஆம் நாள் ஏறாமல் இருந்து 28-ஆம் நாள் பத்தில் ஒன்றாக வேண்டும். பாக்டீரியாவை மூன்று லாக் (ஆயிரத்தில் ஒன்றாக) அடித்துவிட்டு ஆஸ்பெர்ஜிலஸில் தோற்கும் ஃபார்முலாக்கள்தான் அதிகம், உங்களுடைய பழையதும் தோற்றிருக்கும்.

#19 மூடிவியர்வை

சேலஞ்ச் டெஸ்டில் ஜெயிச்சாலும் மூடித் தண்ணிக்கு அது பதில் சொல்லாது. அங்கே க்ரீமைக் கலக்கி வைச்சுப் பாக்குறாங்க, சொட்டு விழுந்த இடத்தை இல்லை. 38 டிகிரிக்கு ஆற விட்டு நிரப்புங்க. ஃபில்லரில் இறங்கலைன்னா நாசிலை அகலப்படுத்துங்க, இல்லேன்னா பிஸ்டன் ஃபில்லர் வாடகைக்கு எடுங்க. நிரப்பின ஜாடிமேல சுத்தமான பாலித்தீன் தாளை மூடி, அறையில் ஃபேன் போடாம, முழுசா ஆறினதும் மூடியைத் திருகுங்க. மறுநாள் காலையில் ஜாடி அடுக்கின ஒரு ட்ரேக்கு மூணு ஜாடி திறந்து மூடியின் உள்பக்கத்தில் டிஷ்யூ பேப்பரை ஒத்திப் பாருங்க. பேப்பர் நனைஞ்சா அந்த ட்ரே முழுசும் லேபிள் ஒட்டப் போகக் கூடாது.